எதிரணிப் படிக்கட்டு

என் அக்காவுக்குக் கூடைப்பந்து விதிகள் தெரியாது. பந்து வளையத்துக்குள் விழுந்தால் நல்லது, விழாவிட்டால் கெட்டது, அவ்வளவுதான். அது தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் அவளை ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். எங்கே உட்கார வேண்டும், யார் காதில் விழும்படி பேசக் கூடாது என்பதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும் என்று அன்று காலை எனக்குத் தோன்றவில்லை.

அக்கா எம். புதுப்பட்டியில் இருக்கிறாள். பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் பக்கத்தில் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ‘ஃபயர் ஆபீஸ்’ என்போம். தீப்பெட்டி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ், வெடி செய்யும் இடம் ஃபயர் ஆபீஸ். வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஏதோ நாற்காலி மேசை போட்ட வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். அக்கா எட்டாம் வகுப்போடு ஆபீஸுக்குப் போனாள். அவள் போனதால் நான் படித்தேன். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் எங்கள் வீட்டைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

அவள் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஏழாம் எண் அவளுடையது. அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது, ஆட்டம் எதிரணிக் கல்லூரியின் மைதானத்தில் என்று போனில் சொன்னாள். “நீயும் அம்மாவும் வாங்க சித்தி. எல்லாப் பிள்ளைக வீட்லருந்தும் யாராவது ஒருத்தராவது வந்திருக்காங்க. எனக்குத்தான் யாரும் வந்ததில்ல.”

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பழையது. தொண்ணூறுகளில் நானும் கல்லூரியில் கூடைப்பந்து ஆடினேன். என் ஆட்டத்தை வீட்டிலிருந்து யாரும் வந்து பார்த்ததில்லை. நான் ஆடுவதே அப்பாவுக்குத் தெரியாது. ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்று சொல்லிவிட்டுத்தான் மாலையில் தங்குவேன். அக்காவுக்கு மட்டும் தெரியும். என் பனியனையும் கால்சட்டையையும் தன் வேலைத்துணியோடு சேர்த்துத் துவைத்து, சேலைக்கு அடியில் காயப்போடுவாள். அந்த உடுப்பை அவள் எத்தனையோ முறை பிழிந்திருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு நான் ஓடியதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அது செப்டம்பர் மாதம். தீபாவளிக்கு முந்திய சீசன், ஆபீஸில் லீவு கேட்டால் ஃபோர்மேன் முகத்தைப் பார்க்க முடியாது. செய்கிற எண்ணிக்கைக்குத்தான் கூலி. போகாத நாள் முழு நட்டம். “ஒரு நா தானே, போயிட்டுப் போவுது” என்றாள் அக்கா. ஊரிலிருந்து சிவகாசி வரை டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இலவசப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேலைக்குப் போகும் பெண்களைச் சொல்வார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்களைச் சொல்வார்கள். மேச்சுப் பார்க்கப் போகும் பெண்களை யாரும் சொல்வதில்லை. அன்று நாங்கள் இருவரும் அதற்குத்தான் போனோம். சிவகாசியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்ததில் நேரமாகிவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. மைதானத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் சிமெண்டுப் படிக்கட்டு, மேலே வேப்பமர நிழல். எதிர்ப் பக்கம் வெயிலில் இரண்டு அணிகளின் பெஞ்சுகள். அங்கே வெளியாட்கள் போகக் கூடாது என்றார்கள். நம் கல்லூரியிலிருந்து வந்திருந்த பத்துப் பதினைந்து மாணவிகள் எங்கோ ஓரத்தில் நின்றிருக்க வேண்டும், கண்ணில் படவில்லை. படிக்கட்டு முழுக்க அந்தக் கல்லூரிக் கூட்டம். மேளம், விசில், தகர டப்பா. நடுவில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, எதிரணியின் மடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று.

ஏழாம் எண் பந்தைக் கையில் வாங்கியதும் பின்வரிசைப் பையன்கள் ஒரே குரலில் ‘புஸ்ஸ்ஸ்’ என்றார்கள். முதலில் எனக்கு விளங்கவில்லை. அடுத்த முறை விளங்கியது. சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள், அதனால் நமுத்துப்போன புஸ்வாணம். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனால் ‘புஸ்’. அவள் கீழே விழுந்தால் ‘புஸ்’. அதோடு நிற்கவில்லை. அவள் நிறத்தைச் சொன்னார்கள், தொடையைச் சொன்னார்கள். “அஞ்சு ரூவா வெடி” என்றான் ஒருவன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள். எனக்கு இடப்பக்கம் அக்கா வயதில் ஒரு அம்மா, மடியில் வறுத்த கடலைப் பொட்டலம். எங்களுக்கும் இரண்டு கை கடலை கொடுத்துவிட்டுத் திரும்பி, ‘புஸ்’ என்று கத்தினார்.

முதல் கால்பகுதி முடியும் நேரத்தில் எங்கள் பிள்ளை ஒரு பந்தைப் பறித்து, தனியாக ஓடிப் போய்ப் போட்டாள். அக்காவின் வாய் திறந்தது. ‘ஏ’ என்று பாதிச் சத்தம் வந்தது. நான் சட்டென்று அவள் முழங்காலை அழுத்தினேன். “சும்மா இருக்கா.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்படி மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறை நான் அழுத்தவே தேவைப்படவில்லை. பந்து உள்ளே விழுந்தபோது அவளே தன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கூட்டங்களில் பேசுகிறவள் நான். பெண்ணின் குரலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் குறிப்புத் தாள் இல்லாமல் பேசுவேன். ஆனால் அன்று அந்தப் படிக்கட்டில் என் கை தானாகவே நீண்டு போய் என் அக்காவின் வாயை மூடியது. யாரும் எங்களை மிரட்டவில்லை. நாங்கள் யார் என்றே யாருக்கும் தெரியாது. பையன்கள் ஒரு சொல் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் அல்ல அது. அதைவிடப் பழைய ஒன்று.

யோசித்துப் பார்த்தால், எதிரணிப் படிக்கட்டில் உட்காரும் பயிற்சி எங்களுக்கு நிறையவே இருக்கிறது. கல்யாணமான முதல் வருஷம் புகுந்த வீட்டு விசேஷத்தில், “அவுக ஊர்ல குடிக்கத் தண்ணி கூட இல்ல, சீர் மட்டும் என்ன வந்துரும்” என்று ஒரு பெரியவர் சொல்ல, பந்தியே சிரித்தது. நான் இலைக்கு இலை சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தேன். என் அப்பா கடன் வாங்கிக் கொண்டுவந்த சீர் அது. நம் ஆள் அடிபடும்போது முகம் மாறக் கூடாது, நம் ஆள் ஜெயிக்கும்போது பல் தெரியக் கூடாது. பிறந்த வீட்டிலிருந்து நல்ல செய்தி வந்தால் அடுப்படிக்குப் போய்ச் சிரிக்க வேண்டும், கெட்ட செய்தி வந்தால் குளியலறைக்குப் போய் அழ வேண்டும். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. ஆனால் நாற்பது வயதுக்குள் நம்மில் பலரும் இதில் தேறிவிடுகிறோம். தேறியது மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவளுக்கும் கற்றுத்தரத் தொடங்கிவிடுகிறோம், முழங்காலை அழுத்தி.

பெண்கள் ஆடுவதை யார் பார்க்கலாம் என்ற கேள்வி கூடைப்பந்துக்குப் புதிதில்லை. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அதற்குச் சில மாதங்களிலேயே பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனில் ஸ்மித் பெண்கள் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரென்சன் அதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் ரொம்ப ஓடக் கூடாது என்பதற்காகக் களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தார். அடுத்தவள் கையிலிருந்து பந்தைப் பறிக்கவும் கூடாது. 1893-இல் அங்கே நடந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. 1896 ஏப்ரல் 4 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பெண்கள் மோதினார்கள். இரண்டு கல்லூரிகளின் பெண்களுக்கு இடையே நடந்த முதல் கூடைப்பந்துப் போட்டி அது. அங்கும் பார்வையாளர்கள் பெண்கள் மட்டுமே. ஸ்டான்ஃபோர்டு 2-1 என்று வென்றது.

இதைப் படித்தபோது முதலில் பொறாமையாக இருந்தது. ஒரு கூடம் முழுக்கப் பெண்கள், கத்துகிற குரல் எல்லாம் பெண் குரல். தொடையைப் பற்றிப் பேச ஆளில்லை. பிறகுதான் யோசித்தேன். கதவைச் சாத்தியது ஆண்களின் கண்ணிலிருந்து காப்பாற்ற. ஆட்டக்காரிக்கு அது காவல், அதே நேரம் அவள் ஆட்டம் வெளியே தெரியாமலிருக்க ஒரு மறைப்பும்கூட. என் ஆட்டத்தை அப்பாவிடமிருந்து மறைத்த சேலையும் அப்படிப்பட்டதுதான். அதோடு இன்னொன்று. எங்கள் படிக்கட்டில் கதவைச் சாத்தி ஆண்களை வெளியே அனுப்பியிருந்தாலும், கடலை கொடுத்த அந்த அம்மா உள்ளேதான் இருந்திருப்பார். முழங்காலை அழுத்திய என் கையும் உள்ளேதான் இருந்திருக்கும்.

பாதி ஆட்டம் முடிந்தபோது அவர்கள் ஏழு புள்ளி முன்னால். அந்தச் சந்தோஷத்தில் யாரோ படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு சரவெடியைக் கொளுத்தினார்கள்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. நானும் அக்காவும் எழுந்து நின்றுவிட்டோம். இதை வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். எங்கள் பக்கத்தில் பட்டாசுச் சத்தம் கொண்டாட்டம் அல்ல. பகலில் எங்காவது ‘டம்’ என்று கேட்டால் முதலில் எழுந்து நிற்போம். எந்தத் திசை, புகை எங்கே, அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் யார் யார் என்று பார்ப்போம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடிப் போனவர்கள். 2023 அக்டோபர் 17 அன்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ரெங்கபாளையத்தில் 13 பேர், பெரும்பாலும் பெண்கள். அன்றிலிருந்து அக்கா எந்தச் சத்தத்துக்கும் எழுந்துவிடுகிறாள். அங்கே அவளும் நானும் நின்றுகொண்டு வேப்பமரத்துக்கு மேலே புகையைத் தேடினோம்.

படிக்கட்டில் இன்னும் ஒருவர் நின்றார், கடலைக்கார அம்மா. மடியிலிருந்த பொட்டலம் கீழே கொட்டிக் கிடந்தது.

வெடித்தது சரம்தான் என்று தெரிந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் அக்காவின் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத சாம்பல் நிறம்.

“ஃபயர் ஆபீஸா?”

அக்கா தலையாட்டினாள். “எம். புதுப்பட்டி. பூச்சட்டி அடைக்கிறேன். நீங்க?”

“வெம்பக்கோட்டைப் பக்கம். கம்பி மத்தாப்பு.” மைதானத்தைக் காட்டினார். “எங்க அண்ணன் மக. நாலாம் நம்பர். உங்களுக்கு?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. “ஏழு” என்றாள்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “எல்லாரும் கத்துறாங்கன்னு நானும் கத்திட்டேன் மதினி. மனசுல வச்சுக்கிடாதீங்க.”

“கத்துங்க. மேச்சுன்னா கத்தத்தான செய்யணும். புஸ்ஸுன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் அடைச்சது ஒண்ணுகூட புஸ்ஸுன்னு போனதில்ல.”

பூச்சட்டி என்றால் புஸ்வாணம். அக்கா அதில் மருந்து அடைக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஓடுவதற்காகக் கதவு திறந்தே இருக்க வேண்டும். இரும்பு எதுவும் உரசக் கூடாது. அழுத்தம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் பூ சரியாக எழும்பாது. எந்த ஊரிலோ ஒரு வாசலில் அது ஆளுயரம் எழும்பிப் பூக்கும்போது கைதட்டுகிற யாருக்கும் அவளைத் தெரியாது. நமுத்துப்போனால் மட்டும் சிவகாசிச் சரக்கு என்பார்கள். அன்று அந்தச் சொல்லை மகள் மேல் எறிந்தபோது அது பாதி தாய் மேலும் விழுந்தது. எனக்கு மகள் மேல் விழுந்தது மட்டும்தான் தெரிந்திருந்தது.

கடைசிக் கால்பகுதியில் எங்கள் பிள்ளைகள் நெருங்கி வந்துவிட்டார்கள். 43-41. சில நொடிகள்தான் பாக்கி. ஏழாம் எண் பந்தோடு எம்பியபோது எதிரணிப் பெண் கையில் அடித்துவிட்டாள். இரண்டு ஃப்ரீ த்ரோ. வளையத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நிற்க, ஒருத்தி மட்டும் கோட்டில் நின்று, பத்தடி உயர வளையத்தைப் பார்த்துத் தனியாகப் போட வேண்டும். பந்து கைக்கு வந்ததிலிருந்து ஐந்து நொடி. மற்ற நேரமெல்லாம் பத்துப் பேர் ஓடுகிற ஆட்டம் அது. அந்த ஐந்து நொடி மட்டும் மொத்த மைதானமும் ஒருத்தியைப் பார்க்கும்.

‘புஸ்ஸ்ஸ்’ என்று படிக்கட்டே சீறியது. முதல் பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றி வெளியே விழுந்தது. மேளம் கொட்டினார்கள்.

என் கை அக்காவின் முழங்காலில் இருந்தது. அவள் அதை எடுத்தாள். கோபமாக உதறவில்லை. எடுத்து என் மடியில் வைத்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

“ஏ தாயி! பறக்காத! நிதானமாப் போடு! அம்மா இங்கதான் இருக்கேன்!”

அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது எனக்கே தெரியாது. முப்பது வருஷமாகச் சத்தம் எழாத அறையில் வேலை பார்த்தவள். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “எங்கடா இது, புஸ்வாணத்தோட ஆத்தாளா” என்று பின்னால் ஒருவன் தொடங்கினான். “உக்காருடா” என்றார் கடலைக்கார அம்மா, திரும்பாமலே. அவன் உட்கார்ந்தானா என்று நான் பார்க்கவில்லை. நானும் எழுந்து நின்றிருந்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கத்தினேன்.

இரண்டாவது பந்து உள்ளே விழுந்தது. 43-42. மிச்சமிருந்த நொடிகளில் அவர்கள் பந்தை விடவே இல்லை. ஒரு புள்ளியில் தோற்றோம்.

கூட்டம் களத்துக்குள் ஓடியது. பக்கத்திலிருந்த அம்மாவும் இறங்கப் போனார், அண்ணன் மகள் ஜெயித்திருக்கிறாள் அல்லவா. இரண்டு படி இறங்கியவர் திரும்பி, “நல்லா ஆடுச்சு உங்க பிள்ள” என்றார். “உங்க நாலும்தான்” என்றாள் அக்கா. பேர் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை. அவரவர் பிள்ளையைப் பார்க்கப் போனோம்.

எங்கள் பிள்ளை அழுது முடித்துச் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “மொதப் பந்து போயிருக்கணும் சித்தி” என்றாள். நான் ஆவலோடு கேட்டேன்: “ரெண்டாவதுக்கு முன்னால உங்கம்மா கத்துனது கேட்டுச்சா?”

நிமிர்ந்து பார்த்தாள். “அம்மாவா? அம்மா கத்துனாளா?” பிறகு சொன்னாள்: “கோட்டுல நிக்கும்போது எனக்கு ஒண்ணும் கேக்காது சித்தி. அவங்க புஸ்ஸுன்னதும் கேக்கல. ரிங்கு மட்டும்தான் தெரியும்.”

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அம்மாவின் குரல் கேட்டுத்தான் பந்து விழுந்தது என்று எழுதுவதற்கு எனக்கு ஆசை. அக்காவுக்கு ஏமாற்றம் இல்லை. “அவளுக்குக் கேக்கவா கத்துனேன்?” என்றாள் பஸ்ஸில். குரல் உடைந்திருந்தது. “எனக்குத் தொண்டைல இருந்துச்சு. கத்துனேன்.”

அந்த உடைந்த குரலோடு அன்றிரவு தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். மறுநாள் காலை வழக்கம்போல ஆபீஸ் வேன் வந்தது. ஏறினாள். சாயங்காலம் போன் பண்ணியபோதும் குரல் சரியாகவில்லை. அறையில் கூட வேலை பார்க்கிற மூன்று பேரும் என்னக்கா தொண்டை கட்டிருச்சு, மழையில நனைஞ்சியா, வீட்ல சண்டையா என்று கேட்டார்களாம்.

“என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“மேச்சுப் பாத்தேன்னு சொன்னேன்.”